கை பட்ட இடங்கள்

பிப்ரவரி 10, திங்கள்

'கிலோ' இன்று காலை ஹேங்கருக்குள் போனது. நூறு மணி நேரச் சோதனை. பதிவு எண்ணின் கடைசி எழுத்தை வைத்தே விமானங்களைக் கூப்பிடுவது எங்கள் பயிற்சிப் பள்ளி வழக்கம். இந்த செஸ்னா 172-இல்தான் இப்போதைய மாணவர்கள் பெரும்பாலோர் முதல் முறை தனியாகப் பறந்தார்கள். 1956-இல் விற்பனைக்கு வந்த மாடல் இது. 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. அதனாலேயே இதை எல்லோரும் தெரிந்த விமானம், எளிய விமானம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஸ்னாக் ஷீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். இடது பிரேக் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. இரண்டாவது ரேடியோவில் இரைச்சல். நேராகப் பறக்கும்போது இடது இறக்கை லேசாகத் தாழ்கிறது.

தலைமைப் பொறியாளர் மூன்றாவது வரியில் விரலை வைத்தார். முப்பது வருடத்துக்கு மேல் விமானங்களில் கை வைத்தவர்.

"கொஞ்சம்னா எவ்வளவும்மா?"

"கையை எடுத்தா மெதுவா இடது பக்கம் சாயுது சார். ஸ்டியரிங்ல ஒரு விரல் வச்சா போதும், நின்னுடும்."

"எந்த வேகத்துல?"

"நூறு நாட்டுக்கு மேல போனா தெரியுது."

எழுதிக்கொண்டார். சரியாகச் சொல்லப்பட்ட குறை பாதி வேலையை முடித்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. 'இறக்கை சரியில்லை' என்று மட்டும் எழுதும் பயிற்றுநர்களிடம் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த முறை இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. ப்ளக்குகளுக்கு மின்சாரம் தரும் இடது மேக்னெட்டோ ஐந்நூறு மணி நேரம் ஓடிவிட்டது. கழற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஹேங்கரில் பாதிப் பேர் இல்லை. இரண்டு டெக்னீஷியன்கள் பழனிக்கு நடந்து போயிருக்கிறார்கள். இருப்பவர்கள் இன்ஜினை மூடும் கௌலிங்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். எனக்கும் வகுப்பு இல்லாததால் பார்க்கப் போய் நின்றேன். விமானி ஒவ்வொருவரும் தான் ஓட்டும் இயந்திரம் திறந்து கிடப்பதை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். மூடிய கௌலிங்கின் சிறு கதவைத் திறந்து ஆயில் குச்சியை மட்டும் பார்ப்பவருக்கு உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரியாததைச் சோதிக்க முடியாது.

பழைய ஆயில் ஃபில்டரை வட்டமாக வெட்டித் திறந்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தார் சார். உலோகத் துகள் மின்னினால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று பொருள். மின்னவில்லை. பிறகு ஒவ்வொரு சிலிண்டராக 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தார்கள். நான்கும் எழுபதுக்கு மேல் நின்றன. கசியும் காற்றின் சத்தத்தைக் காதால் பின்தொடர்வதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். காற்று உள்ளே போகும் வழியில் கேட்டால் இன்டேக் வால்வு. அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் ப்ரொப்பெல்லரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார்; அந்த அழுத்தத்தில் அது திடீரென்று சுழன்றால் கை போய்விடும்.

பிப்ரவரி 12, புதன்

இறக்கையின் அடியில் இருந்த சோதனை மூடிகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. இடது இறக்கை தாழ்வதற்கு ஒரு காரணம் கிடைத்தது: இறக்கையைச் சாய்க்கும் எய்லரானின் கேபிள் இறுக்கம் குறைந்திருக்கிறது. டர்ன்பக்கிளைத் திருகி இறுக்கத்தைச் சரி செய்து, இரு எய்லரானும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று அளந்து, லாக்கிங் வயர் போட்டார்கள்.

கட்டுப்பாட்டுக் கேபிளில் கை வைத்தால் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டால் போதாது. வேலையில் சம்பந்தப்படாத இன்னொருவர் முதலிலிருந்து பார்த்துத் தனியாகக் கையெழுத்திட வேண்டும். சார் இதற்காகவே பக்கத்து ஹேங்கரில் இருந்து இன்னொரு பொறியாளரை வரவழைத்தார். அவர் வந்ததும் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன செய்தோம் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால், சொன்னதைத்தான் அவர் கண் தேடும் என்றார் பிறகு.

இந்த இரண்டாவது கையெழுத்தை வெறும் காகித வேலையாக நினைக்கும் மாணவர்களுக்கு நான் 2003-ஐச் சொல்வேன். அமெரிக்காவின் சார்லட் நகரில் அந்த வருடம் ஜனவரி 8 அன்று பீச்கிராஃப்ட் 1900 ஒன்று தரையை விட்டு எழும்பியது. மூக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது, விமானிகளால் கீழே கொண்டுவர முடியவில்லை. விமானத்தில் இருந்த 21 பேரும் இறந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் பராமரிப்பில் எலிவேட்டர் கேபிளின் இறுக்கத்தைச் சரி செய்திருந்தார்கள். வேலை செய்தவர் கையேட்டின் சில படிகளைத் தாண்டிப் போய்விட்டார். மூக்கைக் கீழே தள்ளும் பக்கம் எலிவேட்டரால் முழுதாக அசைய முடியாமல் போனது. பின்பக்கம் எடை கூடியிருந்த அன்றைக்கு முழு அசைவும் தேவைப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அதே விமானம் பல முறை பறந்து பத்திரமாக இறங்கியிருக்கிறது. 'நேற்று நன்றாகத்தானே பறந்தது' என்ற சொல்லை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் பனிமூட்டம். பறப்பு ஒன்பது மணிக்குத்தான் தொடங்கியது.

மதியம் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், நூறு மணி நேரச் சோதனை முடிஞ்சு வர்ற விமானம்தானே ரொம்பப் பாதுகாப்பு? அப்புறம் ஏன் நீங்க அதுக்கு மட்டும் இவ்வளவு நேரம் எடுக்கறீங்க?"

வாடிங்டன் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்துக்காரர், கருவியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த கடலோரப் படைப்பிரிவில் அறிவியல் ஆலோசகராக இருந்தார். விமானங்களில் எதிர்பாராத பழுதுகள் எப்போது வருகின்றன என்று அவர் குழு கணக்கெடுத்தது. ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு முறை சோதனை நடந்த காலம் அது. சோதனை முடிந்து நாளாக ஆகப் பழுது கூடிக்கொண்டே போகும், அடுத்த சோதனைக்கு முன்பு உச்சத்தில் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். கணக்கு தலைகீழாக வந்தது. சோதனை முடிந்த உடனேதான் பழுது அதிகம். பறக்கப் பறக்கக் குறைந்தது. ஓடிக்கொண்டிருந்த பாகங்களைக் கழற்றி மாட்டியதே சில பழுதுகளைக் கொண்டுவந்திருந்தது. இதையெல்லாம் அவர் எழுதிய புத்தகம் 1973-இல்தான் வெளியானது.

"அப்போ சோதனையே வேண்டாமா?"

நல்ல கேள்வி. வேண்டும். ஃபில்டரை வெட்டிப் பார்க்காமல் உள்ளே உலோகம் தேய்வது தெரியாது. மூடியைக் கழற்றாமல் கேபிள் தளர்ந்தது தெரியாது. ஆனால் கை பட்ட இடங்களை, கை பட்டது என்ற காரணத்துக்காகவே, இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும். அந்தக் கண் விமானியுடையதாக இருப்பது நியாயம். ஏறப் போகிறவர் அவர்தானே.

பிப்ரவரி 14, வெள்ளி

மூன்று மணிக்குக் கையெழுத்தாகி, 'கிலோ' வெளியே வந்தது.

முதலில் விமானத்தைத் தொடவில்லை. ஜாப் கார்டை வாங்கி அரை மணி நேரம் படித்தேன். எதைக் கழற்றினார்கள், எதை இறுக்கினார்கள், எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றையும் என் நோட்டில் வேறாக எழுதிக்கொண்டேன். வழக்கமான செக்லிஸ்ட் நேற்று பறந்த விமானத்துக்கு எழுதப்பட்டது. தரை விரிப்பைத் தூக்கி, இருக்கைகளைக் கழற்றி, வயர்களைப் பிரித்துப் போட்ட விமானத்துக்கு அது போதாது. போனை அணைத்து மேசை டிராயரில் வைத்தேன். மாணவன் ஒருவன் கற்றுக்கொள்ள வருகிறேன் என்றான். பார்க்கும்போது பேசக் கூடாது, முடிந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லிக் கூட்டிப் போனேன்.

காக்பிட்டில் எதுவும் நான் விட்டுப்போன நிலையில் இல்லை. இருக்காது. ஃப்ளாப்புக்கான சர்க்யூட் பிரேக்கர் வெளியே இழுத்தபடி இருந்தது. வேலை செய்யும்போது ஃப்ளாப் நகரக் கூடாது என்று இழுத்திருப்பார்கள், அது சரியான காரியம். எரிபொருள் தேர்வுக் குமிழ் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. டிரிம் சக்கரம் கடைசி வரை சுற்றியிருந்தது. ஒவ்வொரு சுவிட்சையும் விரலால் தொட்டு, பெயரைச் சொல்லி, இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு இருக்கை. தண்டவாளத்தில் உள்ள துளைக்குள் ஊசி முழுதாக இறங்கியிருக்கிறதா, தண்டவாளத்தின் முனையில் தடுப்பு மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து காலை ஊன்றிப் பின்னால் தள்ளினேன். ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது இருக்கை பின்னால் வழுக்கினால், விமானி அறியாமலே கையில் பிடித்த யோக்கையும் இழுத்துக்கொண்டு போவார். மூக்கு செங்குத்தாகத் தூக்கும். செஸ்னாவின் இந்தத் தண்டவாளங்களுக்காகவே அமெரிக்க விமானத் துறை 1987-இல் தனி ஆணை போட்டது.

கட்டுப்பாடுகள். அசைகிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சரியான பக்கம் அசைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. யோக்கைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நீட்டி, இடது பக்கம் திருப்பினால் விரல் காட்டும் பக்கத்து எய்லரான் மேலே எழ வேண்டும். வலப்பக்கமும் அப்படியே. மாணவனை வெளியே நிறுத்தி, பார்ப்பதை வாயால் சொல்லச் சொன்னேன். "இடது மேலே, வலது கீழே." டிரிம்தான் எல்லோரையும் குழப்பும். மூக்கை மேலே தூக்கும் பக்கம் சக்கரத்தைச் சுற்றினால் வலது எலிவேட்டரின் ஓரத்தில் உள்ள சிறு தகடு கீழே இறங்க வேண்டும். அது கீழே இறங்கினால்தான் காற்று எலிவேட்டரை மேலே தள்ளும். இதை ஒரு தாளில் படம் போட்டுப் புரிந்துகொண்டவர்தான் கண்ணால் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க முடியும். மற்றவருக்கு அது அசைவது மட்டும்தான் தெரியும்.

வெளியே: இறக்கைக்கு ஐந்து, உடற்பகுதியின் அடியில் மூன்று என்று பதின்மூன்று இடத்தில் பெட்ரோலை வடித்துப் பார்த்தோம். நீலம், தண்ணீர் இல்லை. டயர் காற்று பின்னால் 42, முன்னால் 45. ஆயில் ஃபில்டரின் லாக்கிங் வயர் இறுக்கும் திசையில் இழுக்கிறதா என்று பார்த்தேன். மூடிகளின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டோம். விமானத்தைக் கழுவியிருந்தார்கள், அதனால் ஸ்டாட்டிக் துளையில் டேப் ஒட்டிக் கிடக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். 1996-இல் பெரு நாட்டின் போயிங் 757 ஒன்று அந்த டேப்போடு இரவில் கிளம்பியது. உயரமும் வேகமும் தப்பாகக் காட்ட, 70 பேரோடு கடலில் விழுந்தது.

இருட்டத் தொடங்கியது. அவசரமாக இன்ஜினை ஓட்டி ரன்-அப் செய்ய மனமில்லை. நாளை காலை.

பிப்ரவரி 15, சனி

நேற்று இல்லாத பெருமிதம் மாணவன் முகத்தில் இருந்தது. தானே எல்லாவற்றையும் பார்த்த விமானம். இன்ஜின் சூடேறியதும் 1800 சுற்றில் நிறுத்தி மேக்னெட்டோ பார்க்கச் சொன்னேன். சாவியை வலதுக்குத் திருப்பினான். முள் அசையவில்லை. இரண்டுக்கும் கொண்டுவந்து, இடதுக்குத் திருப்பினான். எண்பது விழுந்தது.

"வலதுல ஒண்ணுமே விழல மேடம்! இன்ஜின் சூப்பரா இருக்கு."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு, படி."

"நூற்றைம்பதுக்கு மேல விழக் கூடாது. ரெண்டுக்கும் வித்தியாசம்..." நிறுத்தினான். "ஐம்பதுக்கு மேல இருக்கக் கூடாது."

ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ப்ளக். ஒரு வரிசைக்கு ஒரு மேக்னெட்டோ. சாவியை வலதுக்குத் திருப்பினால் இடது அணைந்து, ப்ளக் பாதியாகக் குறைந்து, சுற்று கொஞ்சம் விழ வேண்டும். விழவே இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, இடது அணையவில்லை என்பதைத்தான். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை; உள்ளே சுழலும் காந்தமே மின்சாரத்தை உண்டாக்குகிறது. சாவியிலிருந்து போகும் ஒரு மெல்லிய வயர்தான் அதை உடற்கட்டோடு இணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. அந்த வயர் விட்டுப்போனால் சாவி எங்கே இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும்.

த்ராட்டிலைக் குறைத்து, ஒரு நொடி சாவியை ஆஃபுக்குத் திருப்பினேன். இன்ஜின் நிற்காமல் ஓடியது. மிக்ஸ்சர் குமிழை இழுத்து இன்ஜினை நிறுத்தினோம். சாவியை எடுத்து டாஷ்போர்டின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். ப்ரொப்பெல்லரைச் சுற்றி யாரும் வராதபடி மாணவனைக் காவல் நிறுத்திவிட்டு, ஹேங்கருக்கு நடந்தேன்.

நடக்கும்போதுதான் நேற்று மாலை நினைவுக்கு வந்தது. உறை போடுவதற்காக ஹெல்ப்பர் தம்பி ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளி நேராக்கினான். இடது மேக்னெட்டோவில் இன்ஜினைக் கிளப்ப உதவும் ஸ்பிரிங் அமைப்பு உண்டு. மெதுவாகத் திருப்பினாலும் 'டக்' என்று பொறி விடும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்திருந்தால்? அந்தப் பையனுக்கு இருபது வயது.

சார் கேட்டதும் ஒன்றும் மறுக்கவில்லை. சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து, தன் கையாலேயே ப்ரொப்பெல்லரில் கட்டினார். கௌலிங்கைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. வயரின் முனை, திருகாணி இல்லாமல் தனியாக நின்றது.

நடந்ததை மதியத்துக்குள் கோத்து எடுத்தார்கள். வெள்ளி காலை பொறியாளர்கள் தரையில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, எண்ணும் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு, அந்த வயர் ஒரு கிளாம்ப்பில் உரசுவதை ஒரு டெக்னீஷியன் பார்த்திருக்கிறார். நல்ல கண். வேறு வழியாக இழுத்துக் கட்டுவதற்காகத் திருகாணியைக் கழற்றியிருக்கிறார். பாதியில் வேறொரு விமானத்தைத் தள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் கிளாம்ப்பை மட்டும் மாட்டிவிட்டுக் கௌலிங்கை மூடிவிட்டார். ஜாப் கார்டில் இந்த வேலைக்கு வரியே இல்லை. நான் எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

அந்த டெக்னீஷியன் என்னிடம் வந்து, "அக்கா..." என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. உரசலைப் பார்த்ததற்கு நன்றி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதை அவர் பார்க்காமல் விட்டிருந்தால், அந்த வயர் என்றைக்காவது நாங்கள் யாரும் தேடாத ஒரு நாளில் அறுந்திருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடுமுறை. மனம் ஹேங்கரிலேயே இருக்கிறது.

நினைவுக்கு வருவது 1991 செப்டம்பர் 11. லரேடோவிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன சிறிய எம்ப்ரேயர் விமானம் ஈகிள் லேக் அருகே நொறுங்கியது, 14 பேர் இறந்தார்கள். வால் இறக்கையின் முன்விளிம்பில் மேல்பக்கத்து 47 திருகுகள் இல்லை. முதல் நாள் இரவு ஒரு ஷிஃப்ட் கழற்றியது, அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்லப்படவில்லை. கீழே நின்று பார்த்தால் தெரியாத உயரத்தில் அந்த வால். விமானிகள் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

பராமரிப்பில் மனிதர் தவறுவதற்கான பன்னிரண்டு காரணங்களைக் கனடாவில் கார்டன் டூபான்ட் 1993-இல் தொகுத்தார். கவனம் சிதறுவதும் அதில் ஒன்று. வேலை நடுவே எழுந்து போனால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் மூன்று படி பின்னால் போய்த் தொடங்கச் சொல்கிறார்கள். இது நம்மூரில் எல்லா ஹேங்கர் சுவரிலும் தொங்குகிறது. ஆனால் விமானத்தைத் தள்ள ஆள் கூப்பிடுகிறவருக்கு, தான் யாரை எதிலிருந்து எழுப்புகிறோம் என்பது தெரிய வேண்டும் அல்லவா? அதைச் சுவரொட்டி சொல்வதில்லை. நாளை சாரிடம் கேட்க வேண்டும்: கௌலிங் திறந்திருக்கும் விமானத்தில் இருப்பவரை எதற்கும் அழைப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் என்ன?

பிப்ரவரி 17, திங்கள்

வழக்கம் வந்துவிட்டது. நான் கேட்பதற்கு முன்பே சார் சொல்லியிருக்கிறார். கூடவே இன்னொன்று: தரையில் ஓட்டிப் பார்த்த பிறகு எதைத் தொட்டாலும், சிறு கிளாம்ப் ஆனாலும், மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் கையெழுத்து.

திருகாணி மாட்டி, வேறொருவர் பார்த்து, மீண்டும் தரையில் ஓட்டியாயிற்று. வலதில் எழுபது, இடதில் எண்பது. ஆஃபில் நின்றது. கௌலிங்கைத் திறந்து ஃபில்டர் அடியில் ஆயில் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்தோம். உலர்ந்திருந்தது.

முதல் பறப்புக்கு மாணவர் யாரும் வேண்டாம் என்றேன். விதிக்காக அல்ல, புதிதாகத் திறந்து மூடிய இன்ஜின் நின்றால் என் கவனம் முழுக்க எனக்கு வேண்டும். ஓடுதளத்தில் முழு விசையில் ஆயில் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு எழும்பினேன். விமான நிலையத்துக்கு மேலேயே வட்டமடித்து மூவாயிரம் அடி. ஆயிரம் அடிக்கு ஒன்றரை நாட்டிகல் மைல் இது மிதந்து போகும், ஆகவே எந்தப் புள்ளியிலிருந்தும் ஓடுதளம் கைக்கெட்டும். அரை மணி நேரம் அங்கேயே சுற்றினேன். ரேடியோ தெளிவு. இறங்கிய பிறகு பிரேக் இரு பக்கமும் ஒரே மாதிரி பிடித்தது.

இடது இறக்கை இன்னும் ஒரு நூலளவு தாழ்கிறது. முன்பைவிட நிறையக் குறைவு, ஆனால் இருக்கிறது. ஸ்னாக் ஷீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

சார் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு டேங்க்லயும் பெட்ரோல் சமமா இருந்துச்சாம்மா?"

இறங்கியதும் குச்சி விட்டு அளந்து வைத்திருந்தேன். இடதில் ஒரு கேலன் அதிகம். அவர் அந்த எண்ணை என் வரிக்குப் பக்கத்தில் எழுதி, நாளைக்கு இரண்டையும் சமமாக நிரப்பிவிட்டு அதே வேகத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அப்போதும் தாழ்ந்தால், இறக்கையின் வேரில் பின்பக்கம் இருக்கும் புஷ்ஷைத் திருப்ப வேண்டியிருக்கும். அதாவது இன்னொரு இடத்தில் கை பட வேண்டும், இன்னொரு கையெழுத்து, மறுபடி நான்.